முன் ஹாலில் உட்காராத குடும்பம்

தைப்பூசம் முடிந்த வாரம், வீட்டைப் புதுப்பிக்க ஒரு கண்ட்ராக்டர் வந்து பார்த்தார். கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப் பையன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு முன் ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தார். அளவு நாடாவை இழுத்துச் சுவருக்குச் சுவர் பிடித்தார். பிறகு முன் ஹாலுக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவில் இருக்கும் அரைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அக்கா, இத எடுத்துடலாம். ரெண்டு ஹாலும் ஒண்ணாயிடும். மேல பிளாஸ்டர் சீலிங், அதுக்குள்ள லைட்டு. வர்றவங்க வாசல்ல நின்னு பார்த்தாலே அசந்துடுவாங்க.”

குசினியில் இருந்த அம்மாவின் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. “யாரும்மா வர்றாங்க?” என்று கேட்டுக்கொண்டே அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு உண்மையில் யார் வருகிறார்கள்? வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? வீட்டில் இருக்கிற நாங்கள் ஐந்து பேரும் எங்கே உட்காருகிறோம்? 28,000 வெள்ளியை எடுத்து வைக்கும் முன்பு இதை யோசிக்காவிட்டால் அப்புறம் எப்போது யோசிப்பது?

முதலில் வீட்டைச் சொல்கிறேன். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒற்றை மாடித் தொடர் வீடு. இருபதுக்கு எழுபது அடி. அப்பா 1988இல் அரசாங்கக் கடனில் வாங்கியது. கோலாலம்பூரில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் அமைப்பைச் சொல்லத் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டே நடந்துவிடுவார்கள். முன்னால் கார் நிறுத்துமிடம், கிரில் கதவு, முன் ஹால், அரைச் சுவர், சாப்பாட்டு ஹால், பக்கவாட்டில் அறைகள், கடைசியில் குசினி. அதற்கும் பின்னால் கொஞ்சம் வெற்று நிலம், பின் கேட், பின் சந்து. 1993இல் அந்த வெற்று நிலத்துக்கு மேல் தகரக் கூரை போட்டு வெளிக்குசினி ஆக்கினோம். தாமானில் பாதி வீடுகள் அப்படித்தான் செய்திருந்தன. பொரியல், தாளிப்பு, மீன் கழுவுவது, சம்பால் வதக்குவது எல்லாம் அங்கே போனது. வாசனை வீட்டுக்குள் வராது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றில், என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூல் மூன்று முறை மாறியிருக்கிறது, இடம் மாறவில்லை. வெங்காயம் உரிப்பது அங்கே. நாளிதழ் படிப்பது அங்கே. தங்கச்சிக்குப் போன் பேசுவது அங்கே. நான் தேர்வில் தோற்றதைச் சொன்னது அங்கே. எனக்கு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதும் அங்கேதான். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தகரத்தின் கீழ் நின்று பாருங்கள், சுவரில் கை வைக்க முடியாது. அங்கே காற்றாடி கிடையாது. முன் ஹாலில் இரண்டு காற்றாடிகளும் ஒரு ஏர்கானும் இருக்கின்றன.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஏர்கான் வாங்கியதில் என் சம்பளமும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை 32 குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே போய் இருந்து பார்த்திருக்கிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற, பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை யார் எந்த அறையில் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று குறித்தார்கள். அதில் ஒரு வீட்டின் தரைப்படம் எனக்கு மறக்கவே இல்லை. ஆள் இருந்த இடமெல்லாம் புள்ளி. சமையலறை, அதை ஒட்டிய சின்னச் சாப்பாட்டு மேசை, டிவியும் கணினியும் இருக்கும் அறை ஆகிய இடங்களில் எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள். பெரிய வரவேற்பறையும் முறையாக மேசை போட்டு வைத்திருந்த சாப்பாட்டு அறையும் கிட்டத்தட்ட வெள்ளையாகவே கிடந்தன. வாசல் முகப்பிலும் ஆளில்லை.

எங்கோ இருக்கும் அமெரிக்க வீடு, அவர்கள் வாழ்க்கை வேறு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் படத்தில் நான் பார்த்தது செத்தாப்பாக் வீட்டை. நாமும் ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். மாலை 6 மணி முதல் இரவு 10 வரை, அரை மணிக்கு ஒரு முறை, ஐந்து பேரில் யார் எங்கே என்று ஒரு கோடு. என் மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது, நான் மறந்தாலும் அவள் ஓடிப்போய்ப் போட்டாள்.

ஏழு நாள் முடிந்து எண்ணினேன். வெளியே போயிருந்த நேரம் போக 260 கோடுகள் சொச்சம். முன் ஹாலில் 14. அந்தப் பதினான்கில் ஒன்பது என் மகனுடையவை. வைஃபை பெட்டி சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கேதான் வேகம் அதிகம். சாப்பாட்டு மேசையில் 31 கோடுகள். அதில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தது நான்கு முறை மட்டும். மற்றதெல்லாம் ஆசிரியையான நான் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தியது, மகள் வீட்டுப்பாடம் செய்தது, மடிக்க வேண்டிய துணிகளைக் குவித்துவிட்டு என் கணவர் அதன் முன்னால் நின்றது. குசினியும் வெளிக்குசினியும் சேர்ந்து ஏறத்தாழ பாதிக் கோடுகளை எடுத்துக்கொண்டன. அம்மாவின் பெயருக்கு நேரே முன் ஹாலில் ஒரு கோடுகூட இல்லை.

ஒரு கோடுகூட இல்லை. அவர் அந்த ஹாலைத் தினமும் காலையில் கூட்டித் துடைக்கிறார். ஷோகேஸ் கண்ணாடியை வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை திரைச்சீலையை மாற்றுகிறார். ஆனால் உட்காருவதில்லை.

சாப்பாட்டு மேசையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு நாற்காலியோடு வந்த தேக்கு மேசை. அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பூப்போட்ட துணி, கண்ணாடிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் விரிப்பு. பக்கத்தில் கை கழுவ ஒரு பேசின். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை இருந்தது. ஆனால் எங்கள் சாப்பாடு எப்போதும் ஓர் ஓட்டத்தில்தான் நடந்தது. அப்பா வேலை முடிந்து வந்ததும் சாப்பிடுவார். நாங்கள் டியூஷன் முடிந்து வந்து சாப்பிடுவோம். அம்மா கடைசியில், ஸ்டூலில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். 1996இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்து அதன் தமிழ் அலைவரிசையான வானவில் வீட்டுக்குள் நுழைந்த பிறகு தட்டு டிவி அறைக்குப் போனது. சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்றால் அடுப்புப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். தோசை ஊற்றுகிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் பதினைந்து அடி இருந்தால் இரண்டாவது தோசை ஆறிப்போகும். மேசை எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் அந்தப் பதினைந்து அடியை அது ஈடுகட்டாது.

அந்த மேசைக்கு உயிர் வந்த ஒரே காலம் 2020. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் அது என் வகுப்பறை ஆனது. ஒரு முனையில் நான் இணையத்தில் பாடம் நடத்தினேன், மறுமுனையில் என் மகன் வேறொரு ஆசிரியரிடம் பாடம் கேட்டான். மத்தியானம் மடிக்கணினிகளை ஓரம் தள்ளிவிட்டு ஐந்து பேரும் அங்கேயே சாப்பிட்டோம். வெளியே போக வழியில்லாத காலத்தில் ஒரே நேரத்தில் பசித்தது எல்லாருக்கும். அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அம்மா ஆனாலும் புதுத் திரைச்சீலை போட்டார்.

இந்த முன் ஹால் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஊரில் நம் பழைய வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. வழிப்போக்கரும் அக்கம்பக்கத்தாரும் உட்காருவதற்கு இடம் கதவுக்கு வெளியிலேயே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே போகப் போக உறவு நெருங்கும். முகப்பில் உட்காருகிறவர் வேறு, அடுப்பங்கரை வரைக்கும் போகிறவர் வேறு. யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

என் கணவர் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லெபு பாசார் பக்கம், வாடகைக் கடைவீட்டின் மேல்மாடியில் வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் ஹால் என்று தனியாக ஒன்றும் இல்லை. மேலே ஒரே நீள அறை, தட்டி வைத்துப் பிரித்தது. வந்தவர்களோடு அவருடைய அப்பா பேசியதெல்லாம் கீழே அஞ்சடியில்தான். மழையும் வெயிலும் படாமல் மக்கள் நடந்து போக வேண்டும் என்று காலனிக் காலத்தில் கடைகளுக்கு முன்னால் விட வைத்த ஐந்தடி வழி அது. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலேயே அது இருக்கிறது. நம் ஆட்கள் அதில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுத் திண்ணையாக்கிக்கொண்டார்கள். வட்டிக்குப் பணம் கேட்டு வந்தவர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், சும்மா வந்தவர் என எல்லாருக்கும் அஞ்சடிதான். 2000 ஜனவரி 1ஆம் தேதி வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் பலர் பழைய நகரத்தை விட்டுப் போனார்கள். இவர்களும் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே போனதும் என் மாமனார் வாங்கிய முதல் பொருள் ஒரு சோபா. “உக்கார வைக்க எடம் இல்லாமப் போச்சே” என்றாராம்.

அதைக் கேட்டபோது எனக்கு என் அப்பாவின் சோபா ஞாபகம் வந்தது. இதுவரை அந்த ஹால் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் இளகியதும் அப்போதுதான்.

அப்பா உலு சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முன்னால் சின்ன வராந்தா, ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அந்தத் தோட்டத்தில் முன் ஹால் என்று ஒன்று இருந்தது துரை பங்களாவில். சாப்பிட என்றே தனி அறை, அதில் நீள மேசை, அதுவும் அங்கேதான். தாத்தா சம்பள விஷயமாக அங்கே போனால் படிக்குக் கீழே நின்று பேசிவிட்டு வருவார். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டில் நாற்காலி இருந்தது, ஆனால் பால்மரம் வெட்டுகிறவரை உட்காரச் சொல்ல மாட்டார்கள். அப்பா சின்னப் பையனாகத் தாத்தாவோடு போய் நின்றிருக்கிறார். இதை அவர் அடிக்கடி சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே ஒரு தடவை சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த சோபாவைத் தடவிக்கொண்டே, “நம்ம வீட்டுக்கு யார் வந்தாலும் நிக்க வைக்கக் கூடாதும்மா” என்றார்.

1988இல் வீட்டுச் சாவி கிடைத்ததும் கட்டிலுக்கு முன்பே சோபா வந்தது. தவணையில் வாங்கியது. இரண்டு வருடங்கள் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. தொடை ஒட்டிக்கொள்ளும் என்று நாங்கள் அதில் உட்கார மாட்டோம். நாங்கள் எல்லாரும் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். துப்புரவுக்கு வருகிறவர், எரிவாயு உருளை கொண்டு வருகிற சீனர், பத்திரிகை வைக்க வந்தவர் என யார் வந்தாலும் அப்பா அதில் உட்கார வைத்துத்தான் அனுப்புவார். எரிவாயுக்காரர் கூச்சப்பட்டு நுனியில் உட்காருவார். அப்பா அவருக்கு ஒரு குவளை மைலோ கொடுக்காமல் விட மாட்டார்.

ஆக அந்த ஹால் எங்களுக்காக வாங்கியது இல்லைதான். ஆனால் வீண் பெருமைக்கும் வாங்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

எங்கள் தாமானில் உரிமையோடு பழகுகிறவர்கள் முன்னால் வர மாட்டார்கள். பின் சந்து வழியாக வந்து பின் கேட்டைத் தட்டுவார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், நோன்பு மாதத்தில் கூவே பலகாரம் கொண்டு வந்தால் பின் கேட்டில்தான். அம்மா தீபாவளி முறுக்கைக் கொடுத்து அனுப்புவதும் அதே கேட்டில்தான். எதிர்வரிசைச் சீன ஆண்டி அம்மாவிடம் கறிவேப்பிலை கேட்டு வருவதும் அப்படித்தான். அவர்கள் வந்தால் அம்மா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போடுவார். அவர்களில் யாரையாவது முன் ஹாலில் உட்காரச் சொன்னால் ஏதோ மனக்கசப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். முன் கதவு தட்டப்பட்டால் யாரோ வெளியாள் என்று அர்த்தம்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குக்கூடக் கூட்டம் ஹாலில் நிற்பதில்லை. காரை எடுத்து ரோட்டில் விட்டுவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டுவிடுகிறோம். வந்தவர்கள் உள்ளே வந்து பத்து நிமிடம் சோபாவில் உட்கார்ந்து, சுவரில் இருக்கும் பட்டமளிப்பு விழாப் படங்களைப் பார்த்து, “இது பெரியவளா?” என்று கேட்டுவிட்டு, வெளியே காற்றோட்டமாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். திண்ணை எங்கேயும் போகவில்லை. வருடம் முழுக்க அதன் மேல் கார் நிற்கிறது.

சரி, அப்படியானால் முன் ஹாலே வேண்டாமா? எனக்குத் தெரிந்த சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சுவரையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாம் ஒரே அறை, நடுவில் டிரை கிச்சன், அதில் கல் மேடை, உயர நாற்காலிகள். நான் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மேடையில் தண்ணீர் சூடாக்கும் குவளையும் ரொட்டி வாட்டும் கருவியும் மட்டும் இருக்கின்றன. மீன் பொரிவது, கறி கொதிப்பது எல்லாம் அதற்கும் பின்னால், கதவு போட்ட வெட் கிச்சனில். பாத்திரம் துலக்குகிறவர் அங்கேதான் வேர்க்கிறார். முன்பு பார்வைக்கென்று ஓர் அறை இருந்தது, இப்போது ஓர் அடுப்படியும் பார்வைக்கென்று சேர்ந்துகொண்டது. எனக்கு அது முன்னேற்றமாகப் படவில்லை.

அம்மாவின் இடத்தை எப்படிச் சரிசெய்வது என்று விசாரிக்கப்போய்க் கட்டட விதிகளையும் கொஞ்சம் புரட்டினேன். 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் குடியிருப்பு வீட்டில் வசிக்கும் அறைக்கும் படுக்கையறைக்கும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் கேட்கின்றன. சமையலறைக்கு 2.25 மீட்டர் போதும். முதல் அறைக்குப் பரப்பு 11 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். சமையலறைக்கு 4.5 சதுர மீட்டர். சட்டம் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார்கள், குறைந்தபட்ச அளவுதான் அது. ஆனாலும் அந்தக் கால் மீட்டரை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெருப்பு எரிகிற அறைக்குத்தான் கூரை தாழ்வு. அதே விதிகள் ஓர் அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பின்னால் கூரை போட்டு நீட்டியபோது நாங்கள் செய்தது என்ன? உள்குசினியின் ஒரே சன்னலை வெளிக்குசினிக்குள் திறக்க வைத்தோம். வெளிச்சம் வந்த வழியில் புகை வர ஆரம்பித்தது. அதை முப்பது வருடங்களாக யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை, அம்மா உட்பட.

முன் ஹாலை முழுக்கப் பயன்படுத்திய நாள்கள் எங்கள் வீட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். என் பரிசம் போட்ட நாள். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர்களுக்குப் படையல் போடும் இரவுகள். அன்று சோபாவை ஓரம் தள்ளி, சாமி மேடைக்கு முன் தலைவாழை இலை விரித்து, தாத்தாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறியும் பாட்டிக்குப் பிடித்த இனிப்பும் வைத்து, எல்லாரும் தரையில் உட்காருவோம். அப்புறம் 2017.

அப்பா மருத்துவமனையில் இறந்தது அதிகாலை மூன்று மணிக்கு. நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து வீடுகளின் பையன்கள் வந்துவிட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலேயே சோபாவைத் தூக்கி வெளியே வைத்தார்கள். சாப்பாட்டு மேசை பின்னால் போனது. சாமி மேடையைத் துணி போட்டு மூடினார்கள். பத்து நிமிடத்தில் ஹால் வெறும் தரையானது. எவ்வளவு பெரிய ஹால் அது என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

பெட்டி உள்ளே வரும்போது ஒரு சிக்கல். எங்கள் கிரில் கதவு இரட்டைக் கதவு. வலது கதவை மட்டும்தான் திறந்து பழக்கம். இடது கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. எத்தனை வருடமாகத் திறக்கவில்லையோ தெரியாது. சுத்தியலால் தட்டித் தட்டி ஒருவர் அதை உடைத்தார். இரண்டு கதவும் முழுதாகத் திறந்தன. தலை தெற்கே இருக்கும்படி அப்பாவைக் கிடத்தினார்கள். மத்தியானம்வரை மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எரிவாயுக்காரரும் வந்தார். அன்றைக்கு அவர் தரையில் எங்களோடு உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் சோபா உள்ளே வரவில்லை. அந்தப் பதினாறு நாளும் அம்மா, சித்திமார், நான், பிள்ளைகள் எல்லாரும் ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம். அங்கேயே பேசினோம், அங்கேயே அழுதோம், வெளியிலிருந்து வந்த சாப்பாட்டை அங்கேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த வீட்டில் எங்கள் குடும்பம் முன் ஹாலில் குடியிருந்தது அந்தப் பதினாறு நாள்கள் மட்டும்தான்.

அதனால் அந்த ஹாலை டிவி அறையாகவோ என் பாட அறையாகவோ மாற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்குள் நூறு பேர் நிற்கத் தேவைப்படும் நாள் வரத்தான் செய்யும். அதற்கு வெறும் தரை வேண்டும், அகலக் கதவு வேண்டும். பிளாஸ்டர் சீலிங்கும் மறைத்து வைத்த விளக்கும் அதற்கு எந்த உதவியும் செய்யாது.

கண்ட்ராக்டர் தம்பியை மறுபடி வரச் சொன்னேன். நடுச்சுவர் அப்படியே இருக்கட்டும் என்றேன். பணம் முழுவதும் பின்னால்தான் போகும். தகரத்தை எடுத்துவிட்டு, வெப்பம் தடுக்கும் விரிப்போடு உயரமான கூரை. பின் சுவரில் சந்தைப் பார்த்து நீளமான சன்னல். புகை போக விசிறி, ஆள் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு காற்றாடி. தேக்கு மேசை கண்ணாடியும் விரிப்பும் இல்லாமல் அங்கே போகிறது. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் மூன்று எட்டு. மாநகராட்சியில் வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “பின்னால யாரு பார்க்கப் போறா, இவ்வளவு காசு எதுக்கு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயருக்கு நேரே இருந்த கோடுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். எண்ணி முடித்துவிட்டு, காற்றாடி வைக்கும் இடம் அடுப்புக்கு நேராக வேண்டாம், நெருப்பு அணையும், கொஞ்சம் தள்ளி வை என்றார்.

தம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

“அப்ப முன்னால ஒண்ணுமே செய்யலையாக்கா?”

“ஒண்ணு இருக்கு தம்பி. அந்த இடது பக்கக் கிரில் கதவு. தாழ்ப்பாள் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு, கம்பி வச்சுக் கட்டியிருக்கோம். அத மாத்திடுங்க.”

குசினியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. “துருப்பிடிக்காத தாழ்ப்பாளாப் போடச் சொல்லு. ரெண்டு பக்கமும் முழுசாத் தொறக்கணும்.”